கோமதியின் லிஸ்பன் டப்பா

கோமதியும் அவள் கணவர் வாஞ்சிநாதனும் போர்ச்சுகல் போய் வந்த கதையைக் கேட்காமல் தப்பியவர், கல்கத்தா டாக்குரியாவில் எங்கள் குடியிருப்பிலேயே ஒருவர்தான். தரைத்தளத்துச் சக்கரவர்த்தி பாபு. அவருக்கு இரண்டு காதும் கேட்காது. அவருக்கும் ஆல்பத்தைக் காட்டிவிட்டாள்.

2005 ஜூன் மாதம் அது. அவர்கள் மகன் ராகவ் ஏதோ ஒரு வங்கிக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்ய லிஸ்பனில் ஒரு வருஷம் இருந்தான். டிக்கெட் அனுப்பினான். அவன் ஆபீஸ் போய்விட, இவர்கள் இருவரும் மட்டும் ரயில் ஏறி ஊர் ஊராகச் சுற்றினார்கள். அவருக்கு அறுபத்திரண்டு, அவளுக்கு ஐம்பத்தேழு. எங்களுக்கெல்லாம் சுற்றுலா என்றால் சலுகை டிக்கெட்டில் ஹவுராவில் ரயிலேறி சென்னை போவது. அங்கே ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, முடிந்தால் பல் வைத்தியம். அதனால் மனசு கொஞ்சம் காந்தத்தான் செய்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் என் காந்தல் ராஜத்தின் காந்தலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. எதிர்வீட்டு ராஜம் 1994இல் ஏழு நாள் சிங்கப்பூர் போனவள். பதினோரு வருஷம் எங்கள் குடியிருப்பில் வெளிநாடு பார்த்த ஒரே மனுஷி அவள்தான். எந்தப் பேச்சையும் ‘சிங்கப்பூர்ல என்ன பண்றான்னா’ என்று திருப்பிவிடுவாள். கோமதி லிஸ்பனிலிருந்து இறங்கிய அன்றோடு சிங்கப்பூர் ஏதோ லோக்கல் ரயிலில் போகிற பராக்பூர் மாதிரி ஆகிவிட்டது.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது ஒரு கரண்டி. சரஸ்வதி பூஜையன்று பொதுக்கூடத்தில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாரும் சேர்ந்து பூஜை செய்வோம். துறைமுகம், ரயில்வே, தணிக்கை அலுவலகம் என்று மாற்றலில் வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள் நூற்றைம்பது பேர் தேறுவோம். நைவேத்தியச் சமையலுக்கு ஒரே ஒரு விதி: கரண்டி பிடிப்பவள் மீன், முட்டை எதையும் தொட்டிருக்கக் கூடாது. மீன் கடையைத் தாண்டாமல் பால் வாங்கப் போக முடியாத ஊரில் எங்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை. பதினோரு வருஷமாகக் கரண்டி கோமதியிடம் இருந்தது. பதினோரு வருஷமாக ராஜம் பக்கத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் பொங்கல் அண்டாவுக்கு முன்னால் ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும் என்பது அவள் ஆசை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் நறுக்குகிற வேகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே ஆல்பம் வந்தபோது நாங்கள் யாரும் அரண்மனையைப் பார்க்கவில்லை. தட்டுகளைத்தான் பார்த்தோம்.

“இது சிந்த்ரா. மலை மேல அரண்மனை. மஞ்சளும் சிவப்புமா அடிச்சிருக்கான் பாருங்கோ, பூஜைப் பந்தல் மாதிரி,” என்றாள் கோமதி.

“பந்தல் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா?” என்றாள் ராஜம்.

“லிஸ்பன்ல டிராம். மேட்டுல விறுவிறுன்னு ஏறறது.”

“நம்ம கரியாஹாட்ல இல்லாத டிராமா.”

“இது எவோரா. சின்னக் கோயில். உள்ள சுவரெல்லாம் மனுஷா எலும்பு.”

“ராம ராமா. அதைப் பார்த்துட்டு சாப்பாடு இறங்கித்தா?”

“வெளில வந்து ஐஸ்கிரீம் வாங்கிண்டோம். அவர் ஆரஞ்சு, நான் பாதாம். பாதி ஆனதும் மாத்திண்டோம்.”

ராஜம் பக்கத்தைத் திருப்பினாள். கொஞ்சம் வேகமாகத் திருப்பியதில் ஆல்பத்தின் மேல் மூடியிருந்த மெல்லிய தாள் கிழிந்தது.

அடுத்த படத்தில் பெலெம் என்கிற இடத்தில் ஒரு பலகாரக் கடை. ஒரு தட்டு, அதில் சின்னக் கிண்ணம் போல இரண்டு பலகாரம், இரண்டு தலைகளும் அதன் மேல் குனிந்திருந்தன. நடுவில் மஞ்சளாகப் பால்கோவாப் பதத்தில் இருக்குமாம், மேலே பட்டைப்பொடி தூவித் தருவார்களாம்.

“மஞ்சள் எதனால?” என்றாள் ராஜம்.

“கேட்கலை.”

“ஏன் கேட்கலை?”

“கேட்டா சொல்லிடுவானோன்னுதான்,” என்றார் வாஞ்சிநாதன், ஈஸிசேரிலிருந்து.

கோமதி அவரைப் பார்த்து முறைத்தாள். முறைப்பிலும் ஒரு சிரிப்பு இருந்தது. லிஸ்பன் போவதற்கு முன் அவர்கள் இருவரும் இப்படிப் பார்த்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் என் சமையலறை ஜன்னல் அவர்கள் கூடத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது.

போர்த்தோ என்ற ஊரில் ஆற்றங்கரை, இரும்புப் பாலம், பாலத்துக்கு முன்னால் மேஜை, மேஜையில் கருஞ்சிவப்பாக இரண்டு கிளாஸ். திராட்சை ஜூஸ் என்றாள் கோமதி. ஜூஸை இத்தனூண்டு கிளாஸிலா தருவான் என்றாள் ராஜம். கடைசியில் அந்தப் படம் வந்தது. லிஸ்பனில் ஒரு சந்து, ஏதோ புனிதர் திருவிழா, மேலே கலர் காகிதத் தோரணம், இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பின்னால் ஒரே புகை. புகைக்குள் ஒரு கம்பி அடுப்பு, அதன் மேல் நீளநீளமாக வரிசையாக ஏதோ.

“கத்தரிக்காயா?” என்று கேட்டாள் ராஜம், தன் கணவரின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபடி. அதைக் கையோடு கொண்டு வந்திருந்தாள்.

“தெருவுல அவா என்னமோ சுடறா. நாம எதுக்குப் பார்க்கணும்,” என்றாள் கோமதி.

மாடிப்படியில் ராஜம் என் முழங்கையைப் பிடித்தாள். “பட்டு, பதினெட்டு நாள். இவ அங்க போய்த் தயிர்சாதமா சாப்பிட்டிருப்பா?”

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. ராஜம் இப்படிக் கேட்டாள் என்று மட்டும்தான் சொன்னேன். செப்டம்பர் முடிவதற்குள் எல்லா வீட்டிலும் அதே கேள்வி வந்துவிட்டது.

நவராத்திரி வந்தது. மூன்றாம் நாள் கோமதி வீட்டுக் கொலுவுக்குப் போனோம். வெளியே துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்கிற சத்தத்தில் பாடினவள் என்ன ராகம் பாடினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கிளம்பும்போது ஒவ்வொருத்திக்கும் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு ஒரு பொட்டலம் வைத்துக் கொடுத்தாள். உள்ளங்கை அளவு தகர டப்பா. மேலே வழவழப்பான காகிதம் சுற்றி, சணல் நூல் கட்டியிருந்தது. காகிதத்தில் தலைக்குத் துணி கட்டிய ஒரு அழகான பெண்ணின் படம், சுற்றிலும் பூவேலை.

“லிஸ்பன்ல நூறு வருஷத்துக் கடை. மரப்பலகை அடுக்கு, பித்தளைத் தராசு, நம்ம மிட்டாய்க் கடை மாதிரியே. கலர் கலரா கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கான். சாக்லேட். நவராத்திரிக்கு வெச்சுக் கொடுக்கணும்னே பன்னிரண்டு வாங்கிண்டு வந்தேன்,” என்றாள்.

எங்கள் வீடுகளில் வெளிநாட்டுச் சாமானைப் பிரிக்கிற வழக்கம் கிடையாது. கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவோம். ராஜம் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த சோப்பு என் அலமாரியில் இன்னும் காகிதத்தோடு இருக்கிறது. வாசனை போய்விட்டது, மரியாதை போகவில்லை. பதினோரு டப்பாக்கள் அன்றே பதினோரு அலமாரிகளுக்குள் போயின. பன்னிரண்டாவது ராஜத்தினுடையது. அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த ஊர் சாக்லேட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. ராஜம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சமையலறைக்கு வெளியே, பால்கனியில், பழைய ஆனந்தபஜார் பத்திரிகை மேல் டப்பா திறந்திருந்தது. உள்ளே எண்ணெய். எண்ணெய்க்குள் வெள்ளி நிறத்தில், தலையில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன.

“சாக்லேட்,” என்றாள் ராஜம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் சிங்கப்பூருக்குப் பிறகு பார்க்கவில்லை. “கொலுவுல, வெத்திலையோட, பன்னிரண்டு பேருக்கு. பட்டு, நீ சாட்சி. ஞாயித்துக்கிழமை பூஜைக் கமிட்டிக் கூட்டத்துல இதை வெச்சுட்டா போறும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.”

“மீன்தானா? நன்னாப் பாரு,” என்றேன். எனக்கும் தெரியும். இருந்தாலும் இவ்வளவு பெரிய விஷயம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று தோன்றியது.

“இவரும் பார்த்துச் சொல்லட்டும். கூட்டத்துல செகரெட்டரியா இவர்தானே பேசணும்.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏன்னா, இங்க வாங்கோ.”

வீரராகவன் மாமா தணிக்கை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர். நெற்றியில் காலையில் இட்ட திருமண் சாயங்காலம் வரை அழியாது. தினப்பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்.

“கோமதி கொடுத்தது,” என்றாள் ராஜம். “அங்க என்னென்ன சாப்பிட்டாளோ, இதோ ஆதாரம்.”

“அசடு மாதிரி பேசாதே. அந்த அம்மாவுக்கு மீன்னா என்னன்னே தெரியாதுங்கறதுக்கு இதுதான் ஆதாரம்,” என்றார் மாமா. ஆபீஸில் குறிப்பு எழுதுகிற தொனி. “தெரிஞ்சவாளா இருந்தா டப்பாவைக் குலுக்கினாலே தெரிஞ்சிருக்கும். ஒரு துண்டு வாயில வெச்சவ இதைச் சாக்லேட்னு நினைச்சு மஞ்சக் குங்குமத்தோட வெப்பாளா? அவ அங்க ஒண்ணும் தொடலை. நான் எழுதியே கொடுப்பேன்.”

ராஜத்தின் முகத்தில் வெளிச்சம் இறங்க ஆரம்பித்தது. மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம். முப்பத்தைந்து வருஷ தணிக்கை, பாதியில் நிறுத்தும் பழக்கம் இல்லை.

“இது சார்டின். ஆலிவ் எண்ணெய்ல போட்டிருக்கான். நல்ல சரக்குதான். இலிஷ் மாதிரி முள் தொந்தரவு கிடையாது, இதுல முள்ளெல்லாம் இளகிப்போயிருக்கும், அப்படியே சாப்பிடலாம். பேட்கியோட ருசி வராது, ஆனா...”

டாக் சத்தம் எங்கோ கேட்டுக்கொண்டிருந்தது. மாமா பத்திரிகையை விரித்தார். தலைகீழாக இருந்தது.

“நான் மீனான்னு மட்டும்தான் கேட்டேன்,” என்றாள் ராஜம்.

நான் கிளம்பியிருக்க வேண்டும். மரியாதை தெரிந்தவர்கள் கிளம்பியிருப்பார்கள். நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பதுபோல நின்றேன்.

“எத்தனை வருஷமா?”

“எண்பத்தி மூணுலேர்ந்து.”

“எங்க?”

“கரியாஹாட் பக்கம் ஒரு கேபின் ஹோட்டல். ஆபீஸ்ல பிஸ்வாஸ் முதல்ல கூட்டிண்டு போனான். ஃபிஷ் ஃப்ரை மட்டும்தான்.” பத்திரிகையை நேராக்கிக்கொண்டு, “எப்பவாவது கபிராஜி கட்லெட்,” என்றார்.

“என்னிக்கு?”

“சனிக்கிழமை சாயங்காலம்.”

சனிக்கிழமை ராஜம் பெருமாளுக்காக ஒரு பொழுது இருக்கிறவள். அவர் ஏரிக்கரையில் நடக்கப் போகிறார் என்று நினைத்து, கால் வலிக்குமே என்று திரும்பி வந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். எனக்கே தெரியும், வெந்நீர் வைக்கிறேன் என்று பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எத்தனையோ தடவை உள்ளே போயிருக்கிறாள்.

அவள் கத்தப் போகிறாள், ஆசாரம் என்பாள், உம்மாச்சி கண்ணைக் குத்தும் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நாளாவது என்னையும் கூட்டிண்டு போகணும்னு தோணலையா?”

மாமா திகைத்துப்போனார். “நீ சாப்பிட மாட்டியே ராஜம்.”

“டீ குடிச்சிருப்பேனே.”

“அங்கெல்லாம் மீன் வாசனை...”

“கல்யாணமாகி வந்த நாளா இந்த ஊர்லதானே இருக்கேன். எந்த வாசனை எனக்குத் தெரியாது?” குரல் உயரவே இல்லை. “அவா ரெண்டு பேரும் ஒரு தட்டுல குனிஞ்சுண்டு உட்கார்ந்திருக்கா. ஐஸ்கிரீமைப் பாதில மாத்திக்கறா. தப்போ சரியோ, என்னத்தைத் தின்னாலும் சேர்ந்து தின்னா. நீங்க இருபத்திரண்டு வருஷம் தனியாப் போய்த் தின்னுட்டு, என்கிட்ட வெந்நீர் வாங்கிக் கால்ல விட்டுண்டேள்.”

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்து அவள் பார்த்தது மீனுக்காக மட்டும் இல்லை. நான்கூட முதலில் மீன் என்றுதான் நினைத்தேன், ஊருக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

மாமா உள்ளே போனார். ராஜம் டப்பாவைப் பத்திரிகையில் சுருட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“பட்டு, இது வெளில போனா...”

“சத்தியமாப் போகாது.”

“உன் சத்தியம் எனக்குத் தெரியும். அதனால யோசனை பண்ணித்தான் சொல்றேன். டப்பா விஷயம் வெளில வந்தா யார் மீன்னு சொன்னாங்கற கேள்வி வரும். அது வந்தா எங்காத்து விஷயம் வரும். இன்னும் பதினோரு டப்பா இருக்கு. எவளாவது ஒருத்தி திறந்தா போச்சு.”

அன்று மத்தியானம் இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். டப்பாவின் தேதி தாண்டிவிட்டதாம், ராகவ் போன் பண்ணினானாம், கோமதிக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள், அவளிடம் மூச்சு விடாதீர்கள் என்று ராஜம் சொன்னாள். பொய் அவளுக்கு இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் மாடிப் பூங்கோதை மட்டும், தேதி தாண்டினால் என்ன, தின்னவா போகிறேன், பார்க்கத்தானே என்று கொடுக்க மறுத்தாள். ராஜம் தன் சிங்கப்பூர் பூச்சாடியை எடுத்து வந்து அவள் அலமாரியில் வைத்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள். பத்தோடு என் வீட்டு டப்பாவும் சேர்ந்து பதினொன்றும் இரண்டாம் மாடி வங்காளி அண்ணி சௌத்ரி பௌதியிடம் போயின. பௌதி ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘கீ தாருண்’, என்ன ருசி, என்று கண்ணை மூடித் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் ஊதிவிட்ட நெருப்பு அப்படியே இருந்தது. டப்பாவைத்தான் எடுத்தோம், கேள்வியை எடுக்கவில்லை. நைவேத்தியம் யார் என்றதும் பூங்கோதை எழுந்தாள்.

“தப்பா எடுத்துக்கக் கூடாது. கோமதி மாமி போர்ச்சுகல்ல என்ன சாப்பிட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா எல்லாருக்கும் நிம்மதி.”

கோமதி வாஞ்சிநாதனைப் பார்த்தாள். முட்டையா என்று கேட்காமல் விட்ட அந்த மஞ்சள் பலகாரம் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. பொய் சொல்லத் தெரியாதவள். வாயைத் திறந்தால் பட்டைப்பொடி வரை சொல்லிவிடுவாள். செகரெட்டரி நாற்காலியில் வீரராகவன் மாமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ராஜத்தைப் பார்த்தார்கள். பதினோரு வருஷம் அவள் காத்திருந்த நிமிஷம் அது. எழுந்து ஒரு வரி சொன்னால் போதும், கரண்டி அவளுடையது.

ராஜம் எழுந்தாள்.

“யார் எந்த ஊர்ல என்ன சாப்பிட்டான்னு கேட்க ஆரம்பிச்சா, இந்த ஊர்ல என்ன சாப்பிட்டான்னும் கேட்கணும். ஆம்பளைகள்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?”

பின்வரிசையில் நாலு பேர் ஒரே சமயத்தில் இருமினார்கள். எனக்கு நாலு பெயரும் தெரியும். கூட்டம் அதோடு தேநீருக்குக் கலைந்தது.

பூஜையன்று கோமதி கரண்டி பிடித்தாள், ராஜம் பூசணிக்காய் நறுக்கினாள். வழக்கத்தைவிடச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கினாள். பொறாமை ஒரே நாளில் போகிற சமாசாரம் இல்லை. நடுவில் கோமதி கேட்டாள்:

“அந்த சாக்லேட்டைப் பிரிச்சேளா மாமி? எப்படி இருந்தது?”

“நன்னா இருந்தது. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி.”

“சாக்லேட்ல உப்பா?”

“அந்த ஊர் வழக்கமா இருக்கும்,” என்றாள் ராஜம், தலை நிமிராமல்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் எனக்குக் கரியாஹாட்டில் ரவிக்கைத் துணி வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் ரவிக்கைத் துணி நிறைய இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்தக் கேபினைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய மரத்தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அழுக்குத் திரை. ஒரு திரை மட்டும் முழுக்க விலக்கிக் கட்டியிருந்தது.

ராஜம் பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். எதிரே மாமா. மேஜையில் அவளுக்கு ஒரு கப் டீ, அவருக்குத் தட்டில் ஃபிஷ் ஃப்ரை, வெங்காயம், மஞ்சளாகக் கடுகு விழுது. அவள் முழங்கையை ஊன்றி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு மெதுவாக அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்.

“அந்த மஞ்சளைத் தொட்டுக்கோங்கோ,” என்று அவள் கிண்ணியை நகர்த்துவது கேட்டது. “பக்கத்து மேஜைல எல்லாரும் தொட்டுண்டுதான் சாப்பிடறா.”

“ராஜம், போறும். வீட்டுக்குப் போகலாம்.”

“என்ன அவசரம். இன்னொரு டீ சொல்லுங்கோ. அந்தக் கபிராஜின்னேளே, அது எப்படி இருக்கும்னு பார்க்கணும்.”

அவர் டீ சொன்னார். டீ வந்ததும், அவள் தன் பழைய கப்பில் மீதி இருந்ததை அவர் பக்கம் தள்ளிவிட்டுப் புதியதை எடுத்துக்கொண்டாள். அவர் அதை எடுத்துக் குடித்தார்.

நான் ரவிக்கைத் துணி வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். என் கணவர் டிவிக்கு முன்னால் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தட்டி எழுப்பினேன்.

“நான் கோயிலுக்குப் போற நாள்ல நீங்க எங்கயாவது போவேளா?”

“எங்க போறது? இங்கயேதான் இருக்கேன்.”

“எப்பவுமா?”

“எப்பவும்தான். ஏன்?”

நிஜத்தைத்தான் சொன்னார். தோண்டித் துருவிப் பார்த்தும், என்னைக் கூட்டிக்கொண்டு போக அவரிடம் ஒரு கேபின்கூட இல்லை. அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.